தேரி மணலுக்கும் தாழி ஓட்டுக்கும் வயது பார்ப்பது எப்படி? ஒளிர்வு முறைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்து "இதுக்கு எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது கிடந்த இடத்து மண் எங்கே?" பெரும்பாலும் மண் இருக்காது. ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, குழாயடியில் கழுவி, துணியால் துடைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். ஓடு கெட்டுவிடவில்லை. ஆனால் அதன் வயதைச் சொல்லும் கணக்கில் பாதி அந்த மண்ணோடு போய்விட்டது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தப் பாதிதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையின் ஈமத் தாழிகளில் கிடைத்த கரிக்குக் கி.மு. 2953 முதல் 3345 வரை காலம் சொல்லப்பட்டது. அதிலிருந்து நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் வரலாறு தேடுகிறவர்களும் 'ஓஎஸ்எல்' (OSL, ஒளியால் தூண்டி ஒளிரவைத்து வயது பார்க்கும் முறை) என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கரிக்கு ரேடியோ கார்பன் முறை, பானை ஓட்டுக்கு ஒளிர்வு முறை என்று இரண்டையும் அந்த ஆய்வில் பயன்படுத்தினார்கள். முதல் முறை மரம் எப்போது உயிரை விட்டது என்று சொல்லும். இரண்டாவது, பானை கடைசியாக எப்போது சூளையில் வெந்தது என்று சொல்லும். கரியே கிடைக்காத இடத்திலும் மணல் கிடைக்கும் என்பதால், தேரிக்காடு (தென் மாவட்டச் செம்மணல் மேடு), ஆற்றுப்படுகை, குளத்தங்கரை என்று நம் நிலத்துக்கு ஒளிர்வு முறை ரொம்பவே பொருந்துகிறது.

முதலில் கலயத்தைப் பாருங்கள்

இந்த முறையை எனக்குப் புத்தகத்தை விட நன்றாகப் புரியவைத்தது உடன்குடிப் பக்கத்தில் பார்த்த பனையேறி ஒருவர். "கலயத்துல எவ்வளவு எறங்கிருக்குன்னு பாத்தா எப்ப கட்டுனதுன்னு சொல்லிருவேன் தம்பி. ஆனா அந்தப் பாளை எப்படிச் சொட்டும்னு தெரிஞ்சிருக்கணும்லா" என்றார். ஒளிர்வுக் காலக்கணிப்பு முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள்தான், அதாவது நம் ஊர் வெங்கச்சங்கல்லின் பொடிதான், கலயம். மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சும் வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் ஓயாமல் துகளில் படும்போது, உள்ளேயிருக்கும் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் சிக்கிக்கொள்கின்றன. இதுதான் சொட்டு. வெயில் பட்டால் சிக்கியவை விடுபட்டுக் கலயம் காலியாகிவிடும். குவார்ட்ஸுக்கு நல்ல வெயில் சில பத்து விநாடி பட்டாலே போதும். பானையைச் சுமார் 500 டிகிரிக்கு மேல் சுட்டாலும் அதே கதைதான். மணல் மூடிய பிறகு, அல்லது பானை ஆறிய பிறகு, முதல் சொட்டிலிருந்து மறுபடி சேர ஆரம்பிக்கும்.

ஆய்வகத்தில் நீல ஒளி பாய்ச்சினால், சேர்ந்தது அத்தனையும் மெல்லிய ஒளியாக வெளியே வரும். அதை அளந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அதைக் 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு சொட்டும் என்பதைச் சுற்றியுள்ள மண் சொல்லும். சேர்ந்ததைச் சொட்டும் வேகத்தால் வகுத்தால் வயது. 6 கிரே சேர்ந்திருந்து, ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே வீதம் சொட்டியிருந்தால் 3000 ஆண்டு. இதைத் தாண்டிய கணக்கு எதுவும் இதில் இல்லை. கஷ்டமெல்லாம் அந்த இரண்டு எண்களையும் சரியாகப் பெறுவதில்தான்.

சூடேற்றி ஒளி வரவழைக்கும் பழைய முறையை 1953இல் டேனியல்ஸும் அவரது குழுவினரும் முன்மொழிந்தார்கள். ஒளியாலேயே ஒளியை வரவழைத்து மணலின் வயதைப் பார்க்கலாம் என்று ஹன்ட்லி குழு 1985இல் காட்டியது. ஒரே சிட்டிகை மணலைத் திரும்பத் திரும்ப அளந்து விடை காணும் நெறிமுறையை முர்ரேயும் விண்டிலும் 2000இல் செம்மைப்படுத்தினார்கள். இன்று எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

தேரி மணல் முதல் தரம். குதிரைமொழித் தேரியிலோ சாத்தான்குளம் பக்கமோ ஆடிக்காற்று வீசும்போது நின்று பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துகளும் பட்டப்பகலில் பறந்து போய் விழுகிறது. கலயம் சுத்தமாகக் கவிழ்க்கப்பட்ட பிறகுதான் அது புதைகிறது. இந்தத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி ஸோய்னரும் ஆல்ச்சினும் 1956இலேயே எழுதினார்கள். அப்போது ஒளிர்வு முறை இல்லாததால், பழைய கடல்மட்டத்தை வைத்துத்தான் காலத்தை ஊகித்தார்கள். இன்று அதே மணலையே கேட்டுவிடலாம்.

பானை ஓடு, செங்கல், அடுப்படியில் வெந்த மண் எல்லாமே நல்லவை. ஓடு 1 செ.மீ.யாவது தடிமன் இருக்கட்டும். ஆய்வகத்தில் வெளிப்புறம் 2 மி.மீ. அளவுக்குச் சுரண்டி எறிந்துவிடுவார்கள் என்பதால் மெல்லிய கிண்ண ஓடு தாங்காது. தாழியின் தடித்த ஓடு இதற்கு அருமையானது.

ஆற்று மணலில்தான் கவனம் வேண்டும். தாமிரபரணி வெள்ளம் கலங்கலாக, சில நேரம் ராத்திரியில், மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது. அந்தத் துகள்களில் பலவற்றுக்கு வெயில் சரியாகப் பட்டிருக்காது. பழைய பதனியைக் கொட்டாமல் மறுபடி கட்டிய கலயம் போல, வயது கூடுதலாகக் காட்டும். இதைச் சோதிக்க நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் வந்த வெள்ளம் கரையோரம் விட்டுப்போன மணல் இன்னும் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வெள்ளத்தின் தேதி நமக்குத் தெரியும். அதன் வயது ஏறத்தாழ சுழியாக வர வேண்டும். நூறு, இருநூறு ஆண்டு என்று வந்தால், உங்கள் பழைய வெள்ளப் படிவிலும் அந்த அளவு பாக்கி ஒட்டியிருக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆற்றுப்படிவில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்தச் சுழி மாதிரி ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கறையான் புற்று, எலி வளை, பனை வேர் புகுந்த இடங்களை விட்டுவிடுங்கள். மேலிருந்த துகளும் கீழிருந்த துகளும் அங்கே கலந்துபோயிருக்கும்.

அனுமதி

இதைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் தொல்லியல் அகழாய்வு என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். வயலில் உழும்போது தாழி தட்டுப்பட்டால் அப்படியே மூடிவைத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். மண்ணியல் படிப்புக்காகத் தேரிச் சரிவிலோ ஓடைக்கரையிலோ மாதிரி எடுப்பதென்றால், நிலத்துக்காரரிடமும், வனத்துறை நிலமென்றால் அவர்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்

தேவையானவை எல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 5 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டுகள் போதும். ஒரு முனையை உட்புறமாகக் கூராக ராவி வாங்கிக்கொள்ளுங்கள். பிவிசி குழாய் எடுத்தால் வெளிச்சம் புகாத தடித்த ரகமாக இருக்க வேண்டும். கையில் வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சம்மட்டி, அடிப்பதற்கு ஒரு மரக்கட்டை, கொத்தனார் கரண்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பை, அலுமினியத் தாள், அகலமான டேப், காற்றுப் புகாத ஜிப் பை, அளவு நாடா, மார்க்கர்.

ஓடை அரித்த தேரிச் சுவர் ஒன்றின் முன் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சிவப்பு முகம் பல காலமாக வெயில் பார்த்தது. கரண்டியால் 20, 30 செ.மீ. ஆழத்துக்குச் செதுக்கித் தள்ளிப் புது முகம் காணுங்கள். உள்ளே மண் கொஞ்சம் குளிர்ந்து, நிறம் ஒரு பங்கு கூடி இருக்கும். படிவின் அடுக்குகளை வரைந்து, அளவு நாடாவோடு படம் எடுங்கள். குழாயை அடித்த பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் சுவர் உடைந்து பாதி அடுக்கு மறைந்துபோகும்.

இப்போது குழாயின் உள்ளே, மண்ணைத் தொடப்போகும் முனையில், சுருட்டிய கறுப்புப் பையை அடைத்துவிடுங்கள். குழாய் உள்ளே போகப் போக அந்தச் சுருள் பின்னால் தள்ளப்பட்டு வரும். மணல் உருளாமல் இறுக்கமாக நிற்கும். பின்பக்கத்திலிருந்து வெளிச்சமும் நுழையாது. கறுப்புத் தார்ப்பாயை இரண்டு பேர் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள, மரக்கட்டையை வைத்து அடியுங்கள். முதலில் சத்தம் பொத்து பொத்து என்று இருக்கும். உள்ளே மண் நிறைந்ததும் திண் என்று மாறும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் மண் நொறுங்கிக் கலக்கும்.

குழாயை இழுக்காதீர்கள். சுற்றிலும் தோண்டி எடுங்கள். வெளியே வந்த நொடியிலேயே முன்முனையில் கறுப்புப் பை, அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் டேப். உள்ளே கொஞ்சமாவது இடைவெளி இருந்தால் பஞ்சோ துணியோ வைத்து இறுக்குங்கள். என் முதல் குழாயில் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டுவிட்டேன். பேருந்துக் குலுக்கலில், வெயில் பட்ட முனை மணலும் உள் மணலும் ஒன்றோடொன்று கலந்துபோயின. ஒரு நாள் முழுக்க நடந்து எடுத்த மாதிரி அது. முனைகளில் இருக்கும் 3, 4 செ.மீ. மணலை ஆய்வகத்தில் வயதுக்குப் பயன்படுத்த மாட்டார்கள். நடுவில் இருப்பதுதான் உயிர்.

பானை ஓட்டுக்குக் குழாய் வேண்டாம். தார்ப்பாய்க்குள் எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே அலுமினியத் தாளில் சுற்றிக் கறுப்புப் பைக்குள் போட்டுவிடுங்கள். துலக்கவோ கழுவவோ வேண்டாம்.

பார்சலில் அனுப்பினால் 'வெளிச்சத்தில் திறக்காதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரிதாக எழுதுங்கள். ஒரு முறை எழுதாமல் விட்டு, வழியில் யாரோ குழாயைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். நான்கு மாதிரியில் ஒன்று போயிற்று. முடிந்தால் கையிலேயே கொண்டுபோங்கள். விமான நிலைய எக்ஸ்ரேயைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததோடு பார்த்தால் அந்தக் கதிர் மிகச் சிறியது.

மறந்துபோகும் மற்றப் பாதி: சொட்டும் வேகம்

துகளுக்கு வரும் கதிர்களில் ஆல்ஃபா மிக அருகிலிருந்து வரும். பீட்டா இரண்டு மூன்று மி.மீ. தூரத்திலிருந்து வரும். காமா சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்தும் வரும். அதனால்தான் குழாய் அடித்த இடத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் இருக்கும் மண்ணையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஒரு பையில் கட்ட வேண்டும். இதில் வெளிச்சம் பட்டால் பரவாயில்லை. அந்த 30 செ.மீ.க்குள் பெரிய கல்லோ சுண்ணாம்புக் கட்டியோ வேறு நிற அடுக்கோ இருந்தால் அதைத் தனிப் பையில் போட்டு, எத்தனை செ.மீ. தள்ளி இருந்தது என்று எழுதுங்கள். கையடக்கக் காமா அளவி யாரிடமாவது இரவல் கிடைத்தால், குழாய் எடுத்த அதே ஓட்டையில் வைத்து அளப்பது எல்லாவற்றையும் விடச் சிறந்தது.

பெரும்பாலான மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு 1 முதல் 4 கிரே வரை சொட்டும். ஆனால் நம் கடற்கரையை அந்தப் பொது எண்ணில் அடக்கிவிடாதீர்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மோனசைட்டில் தோரியம் உண்டு. உவரி, மணப்பாடு கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கனிம மணல் வரிவரியாக ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிக்கும் பக்கத்து வரிக்கும் சொட்டும் வேகம் நிறையவே மாறலாம். அடுத்த ஊர்த் தேரிக்கு யாரோ அளந்த எண்ணை எடுத்து நம் தேரிக்குப் போட்டால், வயது ஆயிரக்கணக்கில் பிசகும். ஒவ்வொரு குழாய்க்கும் அதனதன் மண்.

அடுத்தது ஈரம். துகள்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் கதிரில் ஒரு பங்கைக் குடித்துவிடும். தோராயமாக, ஈரம் 1 சதவீதம் கூடினால் வயது 1 சதவீதம் கூடும். தேரியில் இது பெரிய பிரச்சினை இல்லை. குளத்தில்தான் பிரச்சினை. நாம் சித்திரை வைகாசியில் குளம் வற்றிய பிறகு போய் மாதிரி எடுப்போம். அப்போது வண்டலில் 5 சதவீத ஈரம் இருக்கும். ஆனால் அந்த வண்டல் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் 25 சதவீத ஈரத்தோடு கிடந்திருக்கலாம். 5 என்று போட்டுக் கணக்கிட்டால் வயது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே இரண்டு எண்கள் வேண்டும்: எடுத்த அன்றைய ஈரம், முழுதும் ஊறினால் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு. முதலாவதற்கு ஒரு கைப்பிடி மண்ணை ஜிப் பையில் இறுக்க மூடி, வீட்டுக்கு வந்ததும் எடை போடுங்கள். குளம் வருஷத்தில் எத்தனை மாதம் பெருகிக் கிடக்கும் என்று அந்த ஊர் மடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு வரி, ஆய்வகத்தில் இருப்பவருக்கு எந்தக் கருவியும் தராத தகவல்.

மேலே எவ்வளவு மண் மூடியிருக்கிறது என்ற ஆழத்தையும் குறியுங்கள். காஸ்மிக் கதிரின் பங்கைக் கணக்கிட அது வேண்டும்.

ஆய்வகத்தில்

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனம், டேராடூன் வாடியா நிறுவனம் ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. மாதிரி எடுக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி விண்ணப்பப் படிவமும் காத்திருப்பும் இருக்கும்.

குழாயை மங்கலான சிவப்பு விளக்கில் திறப்பார்கள். பழைய ஸ்டூடியோ இருட்டறை மாதிரிதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் வேர்த்தூசி போன்றவை போகும். சல்லடையில் சலித்து 90 முதல் 150 மைக்ரான் அளவுத் துகள் அல்லது அதையொட்டிய ஓர் அளவை எடுப்பார்கள். கனமான திரவத்தில் மிதக்கவிட்டுக் குவார்ட்ஸைப் பிரிப்பார்கள். கடைசியாக ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். ஒட்டியிருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்தை அது கரைத்துவிடும், ஆல்ஃபா பட்ட மேல்தோலையும் உரித்துவிடும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை அரிக்கக்கூடிய அமிலம் அது. பயிற்சி இல்லாதவர் அந்த அமில அறைப் பக்கமே போகக் கூடாது. இத்தனையும் தாண்டி வந்த துகளை நுண்ணோக்கியில் பார்த்தால் தேரியின் சிவப்பு எல்லாம் போய்க் கற்கண்டுத் தூள் மாதிரி பளிச்சென்று இருக்கும்.

அதைச் சிறு உலோகத் தட்டுகளில் சிட்டிகை சிட்டிகையாக ஒட்டிக் கருவிக்குள் வைப்பார்கள். முதலில் இயற்கையாகச் சேர்ந்த ஒளி. பிறகு ஆய்வகத்துக் கதிர்மூலத்திலிருந்து தெரிந்த அளவு கதிரைக் கொடுத்துக் கொடுத்து ஒளியை அளப்பார்கள். இயற்கை ஒளி எந்த அளவோடு பொருந்துகிறதோ அதுதான் சேர்ந்த அளவு. முதலில் கொடுத்த அதே அளவைக் கடைசியில் மறுபடி கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டின் விகிதம் 0.9க்கும் 1.1க்கும் இடையில் இருந்தால் அந்தத் தட்டை ஏற்பார்கள்.

கலயத்துக்குக் கொள்ளளவு உண்டு. குவார்ட்ஸ் பெரும்பாலும் 150, 200 கிரேயில் நிரம்பிவிடும். அதன் பிறகு எத்தனை சொட்டினாலும் வழிந்து போகும், வயது தெரியாது. அப்போது ஃபெல்ட்ஸ்பாரை எடுப்பார்கள். அது பெரிய கலயம், ஆனால் மெல்லக் கசியும். இந்தக் கசிவை விண்டில் 1973இல் கண்டு சொன்னார். சூடான நிலையில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் புதிய முறையில் கசிவு வெகுவாகக் குறைகிறது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு வரை போக முடிந்தது அதனால்தான். அந்த ஆய்வு 2018இல் வெளியானது.

விடை வந்ததும்

'3000 ± 210' என்று வரும். 3000ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உண்மை வயது 2790க்கும் 3210க்கும் இடையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்குப் பொருள். 95 சதவீத நம்பிக்கை வேண்டுமென்றால் அந்த 210ஐ இரட்டிப்பாக்க வேண்டும். ஊர்ப் பெருமைக்காக மேல் எண்ணை மட்டும் எடுத்துப் பலகையில் எழுதுவது, வெயிலில் நின்று மாதிரி எடுத்தவர்களுக்கும் மாதக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்து அளந்தவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

இன்னொன்று. ரேடியோ கார்பன் வயதை 1950இலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஒளிர்வு வயது, மாதிரி எடுத்த ஆண்டிலிருந்து. 2024இல் எடுத்த மாதிரி 3000 ஆண்டு என்றால் சுமார் கி.மு. 977. ஒரே குழியின் கரி வயதையும் ஓட்டு வயதையும் பக்கத்தில் வைக்கும்போது முதலில் இதைச் சரிசெய்துவிட்டு, பிறகு அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

தட்டுத் தட்டாக வந்த எண்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். எல்லாத் தட்டும் ஒரே இடத்தில் குவிந்தால் மணல் நன்றாக வெயில் கண்டிருக்கிறது. கீழே கொஞ்சம், மேலே நீண்ட வால் என்று சிதறினால், சரியாகக் கவிழாத கலயங்கள் கலந்திருக்கின்றன. அந்த நிலையில் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக அளக்க முடியுமா என்று கேட்கலாம். கேட்கும்போது மாதிரி மிச்சம் இருக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குழாய் அடித்து, ஒன்றைப் பிரிக்காமல் கறுப்புப் பையோடு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயர், ஆழம், தேதி மூன்றும் குழாயின் மேலேயே எழுதியிருக்கட்டும். பையின் மேல் மட்டும் எழுதினால் பை மாறிப்போகும்.